மூன்றாவது பம்பு

காலை ஆறரைக்குப் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே அந்த வண்டி வெளியே நின்றிருந்தது. பத்து சக்கர வண்டி, 2006 மாடல். டிரைவர் சீட்டிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். சத்தம் கேட்டு இறங்கி வந்தவர் முகம்கூடக் கழுவவில்லை. "ஸ்டீயரிங் பம்பு மறுபடியும் போயிருச்சுங்ண்ணா. பதினாலு மாசத்துல இது மூணாவது. புதுசு ஒண்ணு மாட்டிக் குடுத்துருங்க, சாயங்காலம் லோடுக்குப் போகோணும்" என்றார்.

சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறார். கர்நாடகத்தில் சாம்ராஜ்நகர் பக்கம் மக்காச்சோளம் ஏற்றி, திம்பம் மலையிறங்கி, சத்தியமங்கலம், ஈரோடு வழியாக நாமக்கல் தீவன ஆலைகளுக்குக் கொண்டுவருவார். எங்கள் ஊரில் இத்தனை கோழிப்பண்ணை இருக்கும்வரை அந்த லோடுக்குக் குறைவில்லை. ஆனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு இறங்குகிறவனுக்கு ஸ்டீயரிங் கைக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த ரோட்டில் ஒருமுறை இறங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"எப்பக் கனமாகுது? நின்ன இடத்துல ஒடிக்கறப்பவா, ஓடறப்பவா?" என்று கேட்டேன்.

"நின்னா லேசாத்தானுங்க இருக்கு. செகண்ட் கியர்ல மலையிறங்கறப்பத்தான் கல்லாட்டம் ஆயிடுது. உய்ங்குனு ஒரு சத்தம் வேற."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்த பையனை அப்படியே நிறுத்தி வைத்தேன். பம்பு தேய்ந்த வண்டி இப்படிச் சொல்லாது. தேய்ந்த பம்பு நேர் எதிராகச் சொல்லும்: ஐடிலில் கனமாக இருக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இளகும். எஞ்சின் வேகம் கூடினால் பம்பும் வேகமாகச் சுற்றி, உள்ளே கசிந்து போகிற ஆயிலை ஈடுகட்டிவிடும். இவருடையது தலைகீழ். மலையிறக்கத்தில் செகண்ட் கியரில் எஞ்சின் பிரேக்கில் வரும்போது எஞ்சின் கத்திக்கொண்டு சுற்றும். அப்போதுதான் இவருக்குக் கை வலிக்கிறது.

நான் 1989-ல் சங்ககிரியில் ஒரு பட்டறையில் பதினைந்து வயதில் சேர்ந்தவன். அப்போது வந்த வண்டிகளில் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் கிடையாது. முறம் மாதிரி அகலமான ஸ்டீயரிங். லோடு வண்டியைச் சந்துக்குள் திருப்ப டிரைவர் சீட்டை விட்டு எழுந்து, முழு உடம்பின் கனத்தையும் அதன் மேல் போட்டு ஒடிப்பார். நாற்பது வயதில் தோள்பட்டை போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் சக்கரம் விழுந்து ஸ்டீயரிங் திருப்பி அடித்துக் கட்டைவிரல் பிசகியவர்களையும் பார்த்திருக்கிறேன். முன் அச்சில் மட்டும் ஐந்தாறு டன் உட்கார்ந்திருக்கும்போது சும்மாவா.

இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் பவர் ஸ்டீயரிங்கே பிறந்தது என்று பின்னால் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் எஞ்சினியராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டு, 1926-ல் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக் காரில் அது வர 1951 ஆனது, கிரைஸ்லர் இம்பீரியல் காரில். எங்கள் பக்கத்து லாரிகளில் சாதாரணமாகப் புழங்க இன்னும் பல வருஷம் பிடித்தது. இன்றைக்கு ஒரு கையால் பத்து சக்கர வண்டியை ஒடிக்கிற பையன்களுக்கு அந்தப் பழைய தோள்வலி தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பம்பு என்பது கையில் அடங்குகிற சாமான். உள்ளே ஒரு ரோட்டார், அதில் வெட்டிய காடிகளில் சாதாரணமாகப் பத்துச் சின்னத் தகடுகள். சுற்றியிருக்கிற கேம் ரிங்கின் உட்பக்கம் முட்டை வடிவம். ரோட்டார் சுற்றும்போது தகடுகள் வெளியே தள்ளப்பட்டு ரிங்கை உரசிக்கொண்டே போகும். இடம் விரிகிற பக்கம் ஆயிலை இழுக்கும், ஒடுங்குகிற பக்கம் தள்ளும். எதிரெதிராக இரண்டு இடத்தில் இழுத்து இரண்டு இடத்தில் தள்ளுவதால் ஷாஃப்டை ஒரே பக்கமாக நெருக்குவதில்லை. ஹாரி விக்கர்ஸ் என்பவர் 1920-களில் கண்ட ஏற்பாடு, நூறு வருஷமாகியும் அதே அச்சுத்தான். ரோட்டாருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து தலைமுடிக் கனத்தைவிடக் குறைவு. டயரில் நாம் அடிக்கிற காற்று ஏழெட்டு பார். இந்தப் பம்பு நூறு பாருக்கு மேல் தள்ளும். அத்தனை நெருக்கத்தில் அது பிழைத்திருப்பது ஆயில் ஒன்றால்தான். தள்ளுகிற சரக்கும் ஆயில், மசகும் அதே ஆயில். சுத்தமான ஆயில் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தால் இந்தப் பம்பு வண்டியோடு கிழடாகும். மூன்று நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பம்பைப் பிரித்து, சீல் மட்டும் மாற்றி மாட்டியிருக்கிறேன்.

ஆகவே பம்பு செத்தால் எதனால் செத்தது என்று பார்க்காமல் புதுசு மாட்டக் கூடாது. இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை.

1998-ல் ஒரு வண்டிக்குப் புதுப் பம்பு மாட்டினேன். பழசு உள்ளே தகடு உடைந்து அரைத்துப் போயிருந்தது. கழற்றினேன், புதுசு மாட்டினேன், புது ஆயில் ஊற்றினேன், ஒடித்துப் பார்த்தேன், பட்டுப்போல் இருந்தது, அனுப்பிவிட்டேன். ஸ்டீயரிங் பாக்ஸையும் ஓஸ்களையும் கழுவவில்லை. டேங்குக்குள் இருக்கிற ஃபில்டரைத் தொடவே இல்லை. பதினோராம் நாள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பம்பு பிடித்து, வண்டி ஓரத் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. டிரைவருக்கும் கிளீனருக்கும் அடி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்த்த பட்டறையின் மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. டேங்கிலிருந்து ஃபில்டரை எடுத்து என் கையில் கொடுத்து, "பிரி" என்றார். பிளேடால் பிரித்தேன். மடிப்புக்கு மடிப்பு வெள்ளிப் பொடி. பழைய பம்பு அரைத்த பொடி அது. ரிட்டர்ன் லைனில் வந்து ஃபில்டரை அடைத்து, அடைத்த ஃபில்டர் பைபாஸ் திறந்து, அந்தப் பொடி அத்தனையும் நான் மாட்டிய புதுப் பம்புக்குள் போயிருக்கிறது. "பொணத்த எடுத்தே, வீட்டக் கழுவல" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் தொப்பூரைத் தாண்டும்போது அந்த வளைவு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன்.

அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை டேங்க் மூடியைத் திறப்பதுதான். இந்த வண்டியிலும் திறந்தேன். ஏடிஎஃப் என்கிற சிவப்பு ஆயில் அதிகம் கறுக்கவில்லை. ஆனால் மேலே நுரை, ரோஸ் மில்க்கை ஆற்றி ஊற்றியதுபோல. விரலில் தொட்டு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு கொஞ்சம் இருந்தது, பயப்படுகிற அளவுக்கு இல்லை. நுரை என்றால் காற்று. காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது, அல்லது ஆயில் வர முடியாமல் பம்பு வெற்றிடத்தை இழுத்து ஆயிலிலேயே குமிழ் கட்டுகிறது.

அடுத்து முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, டிராக் லிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தோம். கிங்பின் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால் நல்ல பம்பையே கெட்ட பம்பு என்று சொல்லவைக்கும். இரண்டு கையால் தள்ளினாலும் நகராத சக்கரத்தை வைத்துக்கொண்டு பம்பு மாற்றிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. கிரீஸ் நிப்பிளில் மண் அடைத்திருப்பதைக் குத்தி எடுத்துக் கிரீஸ் அடித்ததும் பிரச்சினை தீர்ந்துவிடும். இவர் வண்டியில் கிங்பின் நன்றாகவே இருந்தது. ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கிறவர், கிரீஸில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

பிறகு கேஜ் மாட்டினேன். பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகிற பிரஷர் லைனில் ஒரு மீட்டர், அதற்கு அப்பால் ஒரு வால்வு. எஞ்சின் ஐடிலில் ஓட, வால்வை மூடினால் பம்பு தன் முழுப் பலத்தையும் காட்டியாக வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. ஆயில் போக இடமில்லாமல் ரிலீஃப் வால்வு வழியாகத் தனக்குள்ளேயே சுற்றிக் கொதித்துவிடும். டிரைவர்கள் ஸ்டீயரிங்கை ஃபுல் கட்டில் ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்கும்போது நடப்பதும் இதேதான். கட் முட்டியதும் அரை அங்குலம் தளர்த்திவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன், இவரிடமும் சொன்னேன்.

ஐடிலில் முள் 125 பாரில் போய் நின்றது. நல்ல பம்பு காட்டுகிற அளவு. "இப்பக் கொஞ்சம் குடு" என்று பையனிடம் சொன்னேன். எஞ்சின் 1800 சுற்றைத் தொட்டதும் உய்ங் என்ற அந்தச் சத்தம் கிளம்பியது. வால்வை மூடினேன். முள் நடுங்கியது. அறுபதைத் தாண்ட முடியாமல் துடித்துக்கொண்டே நின்றது. டிரைவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேகமாச் சுத்தினா பலம் குறையுதுங்களா? அதெப்படி?" என்றார். "தண்ணியில்லாத கெணத்துல பெரிய மோட்டாரப் போட்டா எப்படிங்க? அப்படித்தான்" என்றேன். விவசாயக் குடும்பம், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற சக்‌ஷன் ஓஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. சக்‌ஷன் ஓஸில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் அந்த இடம் காய்ந்தே இருக்கும், யார் கண்ணிலும் படாது. கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தன. ஓஸைக் கையால் பிசைந்தேன். நடுவில் ஓர் இடம் சோறு குழைந்ததுபோல மெத்தென்று அமுங்கியது.

கழற்றி எடுத்து, பெஞ்சில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள் ரப்பர் வெளி ரப்பரை விட்டுப் பிரிந்து, ஒரு விரல் நீளத்துக்கு நாக்கு மாதிரி தொங்கியது. ஐடிலில் ஆயில் மெதுவாக வரும்போது அந்த நாக்கு ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். பம்பு வேகமாக இழுத்தால் நிமிர்ந்து வழியை அடைத்துவிடும். உள்பக்கம் முழுக்க உப்பிப் பிசுபிசுத்திருந்தது. இது ஆயில் ஓஸே இல்லை. ரேடியேட்டருக்குப் போடுகிற தண்ணீர் ஓஸ். ஆயில் தாங்கும் ரப்பர் வேறு. சாதாரண ரப்பர் ஆயிலைக் குடித்து உப்பி, கொஞ்ச நாளில் தோல் உரிந்துவிடும்.

"இது எப்பங்க மாத்துனது?"

யோசித்தார். "ஒன்றரை வருசம் இருக்குங்க. கர்நாடகாவுல ஒரு ராத்திரி ஓஸ் வெடிச்சிருச்சு. பக்கத்துல இருந்த ஒரு கடையில அந்த அளவுக்கு என்ன கிடைச்சுதோ அதை மாட்டிக் குடுத்தாங்க. நல்ல மனுசங்க, காசுகூட வாங்கல."

அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் ரோட்டில் நின்றவரை வீடு சேர்த்தார். ஊர் வந்ததும் சரியான ஓஸை மாற்றியிருக்க வேண்டும், அது விட்டுப்போனது. அதற்கப்புறம் பார்த்தவர்கள் இரண்டு பேர், சத்தத்தைக் கேட்டதும் பம்பை மாற்றினார்கள். புதுசு மாட்டியும் சத்தம் வருகிறதே என்று இவர் கேட்டதற்கு, ஓட ஓடச் சரியாகும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது பம்பைப் பிரித்தோம். கேம் ரிங்கின் உட்பக்கத்தை நகத்தால் வருடினால், வாய்க்காலில் காற்றடித்த தண்ணீர்போல அலை அலையாகத் தட்டுப்பட்டது. ஆயில் பற்றாமல் தகடுகள் ரிங்கை விட்டு எழும்பி எழும்பித் தட்டிய தடம் அது. பக்கத் தகட்டில் ஊசியால் குத்தியதுபோலப் பொடிப் பொடிக் குழிகள். அந்தக் குமிழ்கள் வெடித்து வெடித்துப் பறித்தவை. ஆனால் ரோட்டார் நன்றாக இருந்தது, ஷாஃப்ட் ஆடவில்லை. இன்னும் இரண்டு மாதம் ஓடியிருந்தால் முதல் இரண்டும் போன வழியே போயிருக்கும்.

"புதுசு வேண்டாங்க. கேம் ரிங், தகடு, பக்கத் தகடு, சீல் கிட் மாத்தினாப் போதும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. இரண்டு முறை செலவழித்தவருக்கு வராமல் இருக்குமா.

இந்த வேலையில் சில இடங்களில் பொறுமை வேண்டும். தகடுகளின் ஒரு முனை வளைவாக இருக்கும், அந்த முனைதான் ரிங்கைப் பார்க்க வேண்டும். ரிங்கில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி உண்டு. ஒரு தகட்டைத் திருப்பிப் போட்டாலும் பத்தே நாளில் ரிங்கைச் சீவிவிடும். துடைக்கப் பனியன் வேஸ்ட் கூடவே கூடாது. திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற அந்த வேஸ்ட் இல்லாமல் எங்கள் பட்டறைகள் ஓடாது என்பது உண்மைதான், ஆனால் ஓர் இழை நூல் வால்வுக்குள் போனால் வால்வு சிக்கிக்கொள்ளும். டீசலில் கழுவி, காற்றடித்து, வெறும் விரலால் ஆயில் தடவித்தான் பூட்டுவோம். ஷாஃப்ட் சீலைக் கட்டாயம் மாற்றினேன். இந்தப் பம்பு டைமிங் கேஸில் கியரில் ஓடுகிறது. சீல் போனால் ஸ்டீயரிங் ஆயில் சத்தமில்லாமல் எஞ்சினுக்குள் இறங்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, டேங்க் மட்டும் குறையும், எஞ்சின் ஆயில் கேஜ் குச்சியில் அளவு ஏறியிருக்கும். அப்படி ஏறியதைப் பார்த்துவிட்டு, வண்டி ஆயில் குடிப்பதில்லை என்று நிம்மதியாக இருந்த ஒரு ஓனரின் எஞ்சின் பேரிங் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வீட்டைக் கழுவுகிற வேலை. ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி வாளியில் விட்டு, முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, பையன் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும். பழைய வண்டிகளில் இந்த வசதி ஒரு வரம். விட்டு விட்டு அடித்து, டேங்கில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். டிரைவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஒடித்தார். வாளியில் கலங்கலாக வந்தது, பிறகு ரோஸ் நிறத்தில், கடைசியில் கண்ணாடிபோலச் சிவப்பாக. கழுவவே ஐந்து லிட்டர் போனது. புது ஃபில்டர், ஆயில் தாங்கும் சரியான ஓஸ், இரண்டு புதுக் கிளிப். கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, காற்று முழுக்கப் போகும்வரை ஒடித்துக்கொண்டே இருந்தோம். டேங்கில் நுரை அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

மறுபடி கேஜ். ஐடிலில் 125. 1800-ல் 125. முள் அசையவில்லை.

அதற்குள் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. மோகனூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தும் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. எஞ்சினை முறுக்கி விட்டு, ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பம்பு சுத்தமா நின்னுபோனா ஸ்டீயரிங் லாக் ஆயிடுமுங்களா? மலையில அதுதானுங்க பயம்" என்று கேட்டார். ஆகாது என்று சொன்னேன். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்புத் தொடர்பு எப்போதும் இருக்கிறது. முதலில் கொஞ்சம் ஆட்டம் தெரியும், பிறகு பழைய காலத்து வண்டிபோலக் கனக்கும். பயந்து எஞ்சினை ஆஃப் செய்யாதீர்கள், சின்ன கியரில் மெதுவாக ஓரம் கட்டுங்கள் என்றேன். பெல்ட் பம்பாக இருந்து பெல்ட்டும் தனியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஊர்வரை ஊர்ந்து வரலாம். கியர் பம்பில் அது முடியாது. எஞ்சின் சுற்றும்வரை பம்பும் சுற்றும், ஆயில் இல்லாமல் ஓட்டினால் தன்னையே தின்றுவிடும். அதனால் வண்டியில் எப்போதும் இரண்டு லிட்டர் ஏடிஎஃபும், இந்த அளவில் ஒரு முழம் ஓஸும் இருக்கட்டும் என்று சொல்லி, மீதமிருந்த ஓஸைத் துண்டு போட்டு டூல் பாக்ஸில் வைத்துவிட்டேன்.

கூலியில் பாதி கொடுத்தார், மீதி அடுத்த லோடுக்கு என்றார்.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம், மக்காச்சோள மூட்டைகளோடு நேரே பட்டறை வாசலுக்கு வந்து நின்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பம்பரில் கால் வைத்து ஏறி, டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் கோட்டளவுக்கு நின்றது. நுரை இல்லை. காகிதத்தில் தேய்த்துப் பார்த்தேன், சிவப்பு மட்டும்தான் ஒட்டியது.